கேட்டது நீங்கள்: ஃபெஸ் மேட்டுக் கல்லறைகள்

கேள்வி: மகன் மொராக்கோவுக்கு அழைத்துப் போகிறான். ஃபெஸ் நகருக்கு மேலே மேட்டில் அரசர்களின் கல்லறைகள் இடிந்து கிடக்கின்றனவாம். இடிந்த சுவரைப் பார்க்க அவ்வளவு தூரம் ஏற வேண்டுமா? எனக்கு முழங்கால் வலி வேறு. ஏன் அப்படியே விட்டுவிட்டார்கள்?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அவசியம் போங்கள் அம்மா. முழங்காலைப் பற்றிக் கவலை வேண்டாம். சிவப்பு நிறச் சின்ன டாக்ஸி மேட்டுச் சாலை வரை கொண்டுபோய் விட்டுவிடும். அதற்கு மேல் கொஞ்சம் மண்தரை, அவ்வளவுதான்.

அங்கே புதைக்கப்பட்டவர்கள் மரீனிய வம்சத்தார். 13ஆம் நூற்றாண்டின் நடுவில் ஃபெஸ்ஸைப் பிடித்து, 1465 வரை ஆண்டவர்கள். முந்தைய சுல்தான்கள் சிலர் ரபாத் நகரில், ஷெல்லா என்ற கல்லறை வளாகத்தில் அடக்கமானார்கள். 1351இல் இறந்த அபுல் ஹசனும் அங்கேதான். அப்புறம் வந்தவர்களுக்கு இந்த மேடு. ஒரு காலத்தில் பளிங்குக் கல்லில் எழுத்து வெட்டி, வண்ணம் பூசி வைத்திருந்தார்களாம். இன்று கூரையில்லாத சதுர அறையும் உடைந்த வளைவும்தான் மிச்சம். இன்னார் கல்லறை என்று அறிய ஓர் எழுத்துகூட என் கண்ணில் படவில்லை. கடைசி சுல்தானை நகரத்து மக்களே கிளர்ச்சி செய்து கொன்றார்கள். பிறகு வந்த வம்சத்தார் இந்தக் கல்லறைகளுக்கு ஏன் சுண்ணாம்பு அடிக்கப்போகிறார்கள்?

அதே மரீனியர்கள் கீழே கட்டிய மதரஸாக்களைப் பாருங்கள். 1350களில் எழுந்த பூ இனானியாவின் மரச் செதுக்கல் இன்னும் மனதை அள்ளுகிறது. அங்கே ஆள் புழங்கினார்கள், ஒழுகினால் அடைத்தார்கள். மேட்டில் யார் குடியிருந்தார்கள், அடைப்பதற்கு?

நான் போனபோது கல்லறைக்குக் கீழே சரிவு முழுக்க ஆட்டுத்தோல் காயப்போட்டிருந்தார்கள். பழைய நகரின் தோல் பட்டறையிலிருந்து கழுதை மேல் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். மஞ்சள் சாயம் போட்ட ஒரு தோலைத் தொட்டுப் பார்த்தேன், அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. வாடையும் உண்டு, கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலமே போங்கள். முன்னால் மதில் சூழ்ந்த நகரம், நடுவே கரவிய்யீன் பள்ளிவாசலின் பச்சை ஓட்டுக்கூரை, வெள்ளைக் கோபுரம். வலது கைப்பக்கம் வெயில் இறங்கும். முதலில் ஒரு மினாராவிலிருந்து பாங்கு கேட்கும், அது முடிவதற்குள் இன்னொன்று, பிறகு நகரம் முழுக்க. எனக்குப் புல்லரித்துவிட்டது. பேச்சை நிறுத்திவிட்டு நின்றேன்.

இருட்டியபின் அங்கே தனியாக நிற்க வேண்டாம். வந்த டாக்ஸியையே காத்திருக்கச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஃபெஸ்ஸுக்கும் நம் மதுரைக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்கிறார்களே, உண்மையா?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: உண்மைதான். மொராக்கோவில் பிறந்து உலகம் சுற்றிய பயணி இப்னு பதூதா இருக்கிறாரே, அவர்தான் தொடர்பு. இலங்கையிலிருந்து வரும்போது கப்பல் உடைந்து நம் கரையில் ஒதுங்கினார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன், அவருக்குச் சகலை முறை. சுல்தான் செய்த கொடுமைகளைக் கண்ணால் பார்த்து, சகலை என்றும் பாராமல் சொல்லியிருக்கிறார். மதுரைக்குள் நுழைந்தால் கொள்ளைநோய். பிடித்தவர்கள் இரண்டு மூன்று நாளில் செத்தார்கள் என்கிறார்.

இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டவர் இப்னு ஜுஸய் என்ற அறிஞர். எழுதச் சொன்னது ஃபெஸ்ஸில் ஆண்ட மரீனிய சுல்தான் அபூ இனான், பூ இனானியாவைக் கட்டிய அதே ஆள். 1355இல் வேலை முடிந்தது. மூன்றே வருடத்தில், 1358இல், அபூ இனானைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அவர் எழுதச் சொன்ன புத்தகம் தப்பியது. 14ஆம் நூற்றாண்டு மதுரைத் தெருவில் பிணம் விழுந்ததை நாம் இன்று படிக்க முடிவது அதனால்தான்.