காசு கட்டி முதலே செக் இன் செய்தால் விமானத்தில் முன்னுக்கு ஏறலாமா?

கேள்வி இதுதான்: ஹூஸ்டனில் இருக்கிற அண்ணாவிடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள், அங்கிருந்து டலஸுக்கு உள்ளூர் விமானம். ஆளுக்கு 25 டொலர் கட்டி முதலே செக் இன் போட்டுவிட்டால் முன்னுக்கு ஏறலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். கட்டவா, விடவா?

விடுங்கள். தெரிந்தவர் பொய் சொல்லவில்லை, தான் போய்வந்த காலத்துக் கதையைச் சொல்லியிருக்கிறார். சவுத்வெஸ்ட் என்கிற அமெரிக்க விமானக் கம்பனியில் நடந்த கதை அது, அந்தக் காலம் 2026 ஜனவரி 27ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. அது ஏன் என்று சொல்ல முதல் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவனுக்கு எப்படித் தெரியும் என்று கீழே யாராவது கேட்பீர்கள்.

திருகோணமலை டவுனில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் படம், அதோடு விமான டிக்கட் பிரின்ட். கட்டார் போகிற கிண்ணியாப் பெடியன் முதல் கனடாவுக்குப் பேரப்பிள்ளை பார்க்கப் போகிற அம்மம்மா வரை பயணத்துக்கு முதல் நாள் வந்து, "தம்பி, இதை ஒருக்கா செக் இன் பண்ணித் தாங்கோ" என்பார்கள். பிரின்ட் சூடாக வெளியே வரும்போதே அடுத்த கேள்வி வரும்: "முன்னுக்கு இடம் கிடைக்குமோ?"

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். கொழும்பு பஸ் வந்து நிற்க முதலே யன்னலுக்குள்ளால் லேஞ்சியை எறிந்து சீட் பிடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் வந்தது. அதற்கு முதல் பாதையில் கடக்க வேண்டும் (ரோடு இல்லை, வாகனத்தோடு ஆட்களை ஏற்றுகிற மிதவையை எங்கள் பக்கம் பாதை என்போம்). முதலில் ஏறினவன் அக்கரையில் நிற்பான், பிந்தினவன் அடுத்த தடவை அது திரும்பி வரும்வரை வெயிலில் நிற்பான். ஏறுகிற வரிசைக்கு அங்கே பெறுமதி இருந்தது. விமானத்தில் சீட் நம்பரைப் போட்டுக் கையில் தந்த பிறகு லேஞ்சிக்கு என்ன வேலை?

ஆனால் அமெரிக்காவில் ஒரு பெரிய கம்பனி மட்டும் ஐம்பது வருஷத்துக்கு மேல் லேஞ்சி முறையில்தான் ஓடியது. 1971இல் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட். சீட் நம்பரே இல்லை. ஏ, பி, சி என்று மூன்று கூட்டம், ஒவ்வொன்றிலும் 1 முதல் 60 வரை இடம். வாசலில் தூண்கள் நிற்கும், 1–5, 6–10 என்று எழுதியிருக்கும், உங்கள் நம்பர் எந்தத் தூணோ அதில் போய் நிற்க வேண்டும். உள்ளே போனால் காலியாக இருக்கிற எந்தச் சீட்டும் உங்களுக்கு. அந்த நம்பரைத் தீர்மானித்தது செக் இன் செய்த நேரம். விமானம் புறப்பட 24 மணித்தியாலம் இருக்கும்போது செக் இன் திறக்கும், ஆட்கள் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு விநாடி முள்ளைப் பார்த்தபடி இருப்பார்கள். 2009இல் கம்பனி அதற்கும் ஒரு விலை வைத்தது. 10 டொலர் கட்டினால் 36 மணித்தியாலத்துக்கு முதலே தானாகச் செக் இன் ஆகிவிடும். இதுதான் 'ஏர்லி பேர்ட்'. உங்கள் தெரிந்தவர் சொன்னது இதைத்தான்.

அது வேலை செய்ததா? செய்தது, ஆனால் காசு கட்டுகிறவர்கள் நினைத்த அளவுக்கு இல்லை. ஏ 1 முதல் 15 வரை கூடிய விலை டிக்கட்காரருக்கு ஒதுக்கியது. அடுத்தது அடிக்கடி பறக்கிறவர்கள். அதற்குப் பிறகுதான் ஏர்லி பேர்ட் கட்டினவர்கள், அவர்களுக்குள்ளும் டிக்கட் வகை, காசு கட்டிய நேரம் என்று ஒரு வரிசை. ஏ கிடைக்கும் என்று கம்பனி உத்தரவாதம் தரவும் இல்லை. கட்டாதவர்களை மட்டும்தான் நீங்கள் முந்துகிறீர்கள். பஸ்ஸில் உள்ள எல்லாரும் லேஞ்சி எறிந்தால் உங்கள் லேஞ்சிக்கு என்ன பெறுமதி?

2019இல் நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஹூஸ்டனுக்கு அக்காவிடம் போயிருந்தேன். அங்கிருந்து எல்லாருமாகச் சிக்காகோ போக வேண்டி வந்தது. அக்கா எனக்கும் அம்மாவுக்கும் தனக்கும் ஆளுக்கு 20 டொலர் கட்டிவிட்டா. அந்த நேரம் டொலர் 180 ரூபாய்க்குக் கிட்ட, மனதுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அத்தான் பிந்தி, வேறாக டிக்கட் எடுத்தார், காசு கட்டவில்லை. முதல் நாள் காலையில் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, நேரம் வந்தவுடன் ஃபோனில் அமத்தினார். எங்களுக்கு ஏ 38, 39, 40. அவருக்கு பி 22.

உள்ளே போய் ஏழாவது வரிசையில் மூன்று பேரும் ஒன்றாக இருந்தோம். கொஞ்ச நேரத்தில் அத்தான் வந்தார், எங்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் பின்னுக்குப் போனார். இறங்கின பிறகு கேட்டால், யன்னல் சீட். சும்மா கிடைத்த யன்னல் சீட்! அம்மா 20 டொலர் கட்டி நடுவில் இருந்தா.

இதைப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர்களுடைய 737-800இல் 175 சீட், வழிக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று. நடுச் சீட் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று, 58 வரும். மிச்சம் 117 சீட் யன்னலோரம் அல்லது வழியோரம். பி 22 என்றால் 82ஆவது ஆள். அவருக்கு முதல் ஏறின 81 பேரும் நல்ல சீட்டாகப் பார்த்து எடுத்தாலும் 36 மிச்சம். எங்களைப் போலச் சேர்ந்து வந்தவர்கள் தாங்களாகவே நடுச் சீட்டை நிரப்புவதால் அதைவிடக் கூட. நடுவில் மாட்டுப்பட்டவர்கள் பி கூட்டத்துக் கடைசிக்காரரும் சி கூட்டத்துக்காரரும்தான். தனியாகப் போன, ஃபோனை நேரத்துக்கு அமத்தத் தெரிந்த ஒருவருக்கு அந்தக் காசு தேவையே இல்லை. வயது போன அம்மாவைப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும் என்றவர்களுக்குத் தேவைப்பட்டது. அதனால் அக்காவைக் குறை சொல்லமாட்டேன்.

இப்போது அந்த முறையே இல்லை. 2026 ஜனவரி 27 முதல் சவுத்வெஸ்டிலும் சீட் நம்பர் வந்துவிட்டது, ஏ, பி, சி போய் 1 முதல் 8 வரை கூட்டம், ஏர்லி பேர்டும் போய்விட்டது. எந்தக் கூட்டம் என்பதை டிக்கட் வகையும் சீட்டும் அவர்களுடைய கிரெடிட் கார்ட் வைத்திருப்பதும்தான் தீர்மானிக்கின்றன. முன்னுக்கு ஏறியே ஆக வேண்டும் என்றால் அதற்கென்றே கடைசி 24 மணித்தியாலத்தில் ஒரு கட்டணம் விற்கிறார்கள், செக் இன்னோடு அதற்குச் சம்பந்தமில்லை.

டலஸுக்கு யுனைட்டெட்டில் எடுத்தால் இன்னொரு வேடிக்கை. 2023 ஒக்டோபர் 26 முதல் அவர்கள் யன்னல்காரரை முதலில் ஏற்றுகிறார்கள், பிறகு நடு, பிறகு வழியோரம். (ஆகக் குறைந்த விலை டிக்கட் எந்தச் சீட்டிலும் கடைசிதான், உள்ளூர்ப் பயணத்தில் அதற்குப் பெரிய கைப்பையும் கொண்டுபோக விடமாட்டார்கள்.) அங்கே முன்னுக்கு ஏற யன்னலைத் தெரிவு செய்தால் போதும். இது ஆட்களை வேகமாக ஏற்றுகிற வழி. ஜேசன் ஸ்டெஃபன் என்கிற வானியற்பியலாளர் 12 வரிசையில் 72 பேரை வைத்து ஏற்றிப் பார்த்தார். பகுதி பகுதியாக ஏற்றியபோது 6 நிமிடம் 54 விநாடி, யாரும் எப்படியும் ஏறுங்கள் என்று விட்டபோது 4 நிமிடம் 44 விநாடி, யன்னலிலிருந்து தொடங்கியபோது 4 நிமிடம் 13 விநாடி. வரிசை ஒழுங்கைவிட எங்கள் பஸ் ஸ்டாண்ட் முறை வேகம் என்பது எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

நேரத்தோடு செக் இன் செய்வதில் ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. சீட் நம்பர் தராத மலிவு டிக்கட்டுக்கு மிச்சம் இருப்பதில் நல்லது கிடைக்கலாம். விமானத்தில் இருப்பதைவிடக் கூட டிக்கட் விற்றுவிட்டால் கடைசியாகச் செக் இன் செய்தவர் இறக்கப்படுகிற ஆபத்தும் உண்டு. ஆனால் அதெல்லாம் ஒன்லைனில் சும்மா கிடைக்கிறது. நம்மவர்கள் ஹபரணைக் காட்டுக்குள் யானை மறிக்கும் என்று பயந்து பத்து மணித்தியாலத்துக்கு முதலே வான் பிடித்துக் கட்டுநாயக்காவில் போய்க் குந்துகிறோமே, அந்த நேரத்தோடு போவதற்கும் ஏறுகிற வரிசையில் ஒரு சதத்துக்கும் பெறுமதி இல்லை. யானை விஷயத்தில் மட்டும் சரி.

சும்மா கிடைப்பதைக் காசுக்கு விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அதில் கவனம். போன வருஷம் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற அன்ரி ஒருவர் ஒரு டிக்கட் விற்கிற தளத்தில், பேரை விடுவோம், 'முன்கூட்டிய செக் இன் சேவை' என்று ஆளுக்கு 14 டொலர் கட்டியிருந்தார். என்னிடம் கொண்டுவந்த போர்டிங் பாஸ் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அன்ரிக்கு 19ஆம் வரிசை, அங்கிளுக்கு 30ஆம் வரிசை. அந்தத் தளக்காரர் செய்தது, நேரம் வந்தவுடன் இலவசப் பொத்தானை அமத்தி விழுந்த சீட்டை எடுத்து அனுப்பியது. நான் செய்தால் பிரின்டுக்கு மட்டும்தான் காசு வாங்குவேன்.

லண்டன் பக்கம் போகிறவர்களுக்கு ரயன்எயாரில் இந்தக் கேள்வி இன்னும் குழப்பும். அங்கே காசு கட்டிச் சீட் எடுத்தால் 60 நாளுக்கு முதலே செக் இன் செய்யலாம், கட்டாவிட்டால் கடைசி 24 மணித்தியாலம்தான். பார்த்தால் காசு கட்டி முதலே செக் இன். ஆனால் அதனால் ஒரு அடி முன்னுக்குப் போகமுடியாது. முன் வரிசை 'பிரயோரிட்டி' என்று தனியாக விற்கிறார்கள். அதைவிட முக்கியம், ஒன்லைனில் செய்ய மறந்து எயார்போர்ட்டில் போய் நின்றால் ஆளுக்கு 55 பவுண் தண்டம். லண்டனில் இருக்கிற மச்சாளுக்கு நான் இங்கே இருந்து வட்ஸ்அப்பில் ஞாபகப்படுத்துவது இதற்குத்தான்.

உங்களுக்கு வருகிறேன். உங்களுக்கு வேண்டியது முன்னுக்கு ஏறுவதா, அம்மா பக்கத்தில் இருப்பதா? இரண்டாவது என்றால் அந்த 25 டொலரைச் சீட் தெரிவு செய்யக் கட்டுங்கள், இரண்டு பேரும் கடைசியாக ஏறினாலும் பக்கத்தில்தான் இருப்பீர்கள். மேலே பையை வைக்க இடம் கிடைக்காது என்ற பயமா? பெரியதை லக்கேஜில் போட்டுவிட்டு மருந்து, பாஸ்போர்ட், அம்மாவின் கண்ணாடியை காலடியில் வைக்கிற சின்னப் பையில் வையுங்கள். அம்மாவுக்கு உண்மையிலேயே முட்டு நோவு, நீளமாக நடக்கமுடியாது என்றால் டிக்கட் எடுக்கும்போதே வீல்செயார் கேளுங்கள். காசு இல்லை, அமெரிக்கச் சட்டப்படி அப்படியானவர்களை எல்லாருக்கும் முதல் ஏற விட வேண்டும். நோவு இல்லாதவர்களும் கேட்கிறார்கள். சிக்காகோ விமானத்தில் ஏறும்போது எட்டு வீல்செயார் எண்ணினேன், இறங்கும்போது இரண்டு. நடுவானத்தில் கோணேசர் அருள் கிடைத்திருக்க வேண்டும்.

கடைசியாக, இந்த முன்னுக்கு விஷயத்தில் நானே ஒரு தடவை பிழைவிட்டிருக்கிறேன். அதே அன்ரி பிறகு பலாலியால் சென்னைக்குப் போனார். "தம்பி, காசு போனாலும் பரவாயில்லை, முதல் வரிசை எடுத்துத் தாங்கோ, கெதியா இறங்கோணும்" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அங்கே ஓடுவது ஏடிஆர் 72, காற்றாடி வைத்த சின்ன விமானம். அதில் ஆட்கள் ஏறி இறங்குகிற கதவு வாலடியில். சென்னையில் இறங்கினவுடன் அன்ரி வட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டிருந்தார். முதல் அரை நிமிடம் சிரிப்பு மட்டும்தான். பிறகு, "தம்பி, முழு பிளேனும் இறங்கிப் போயிட்டுது, நான் இப்பதான் எழும்புறன்."