உணவு விலை ஏறினால் விவசாயிக்கு லாபம், நமக்கு மட்டும்தான் நஷ்டமா?

இந்தக் கேள்வியைப் படித்ததும் மனசு வலித்தது, அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் மாதச் சம்பளக்காரராக இருப்பீர்கள், இருபதாம் தேதிக்கு மேல் பர்ஸைத் திறக்கவே பயமாக இருக்கும், அந்த ஆற்றாமையில் கேட்டிருப்பீர்கள். எனக்கும் அதே நிலைமைதான். ஆனால் என் தம்பி விவசாயம் செய்கிறான், அதனால் இரண்டு பக்கக் கணக்கையும் பார்த்தவள் நான்.

2022-ல் நடந்ததைச் சொல்கிறேன். ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த இயற்கை எரிவாயு விலை, உக்ரைன் போர் தொடங்கியதும் எகிறியது. யூரியாவுக்கு அம்மோனியா வேண்டும், அம்மோனியாவைப் பெரும்பாலும் அந்த எரிவாயுவிலிருந்துதான் எடுக்கிறார்கள், அதனால் உரமும் கூடவே ஏறியது. உலகச் சந்தையில் உணவுப் பொருள் விலை எப்படி ஏறி இறங்குகிறது என்று காட்டும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் உணவு விலைக் குறியீடு, அந்த மார்ச் மாதம் அதுவரை இல்லாத உச்சத்துக்குப் போனது. செய்தியைப் பார்த்துவிட்டு ஆபீசில் ஒருவர் "உங்க தம்பிக்கு இனி யோகம்தான்" என்றார்.

அந்த வாரம் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். உரக்கடை ரசீதின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டு வைத்திருந்தான். உரம், டீசல், விதை, கூலி. மூட்டை எண்ணிக்கையை எழுதி, அதை அடித்து ஒன்று குறைத்து, அதையும் அடித்து இன்னும் குறைத்து எழுதியிருந்தான். உரம் குறைந்தால் விளைச்சல் குறையும் என்று அவனுக்குத் தெரியாதா? "என்னக்கா பண்றது, கடன் இவ்வளவுதான் கிடைச்சுது" என்றான். விலை உச்சத்தில் இருந்தபோது விற்க அவன் கையில் ஒன்றுமே இல்லை. முந்தின கடனை அடைக்க, அறுவடையான கையோடு விற்றுவிட்டான். தான் விளைவிக்காத அத்தனையையும் அவனும் நம்மைப் போலக் கடையில்தான் வாங்குகிறான்.

பெரிய பண்ணைக்காரர்களும் இருப்பு வைத்து விற்றவர்களும் சம்பாதிக்கவில்லையா என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். சம்பாதித்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. நான் பேசுவது கடன் வாங்கி விதைக்கிறவனைப் பற்றி.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். வருமானம் குறையக் குறைய அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும் என்று 1857-லேயே எர்ன்ஸ்ட் ஏங்கல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்கை வைத்துச் சொல்லிவிட்டார். வசதியான வீட்டை உரசிவிட்டுப் போகும் அதே விலையேற்றம் நம் வீட்டில் அடிமடியிலேயே கை வைக்கும்.

என் செலவு நோட்டில் அந்த வருஷம் இது அப்படியே தெரிந்தது. வாடகையும் பஸ் கட்டணமும் நம் கையில் இல்லை, பிள்ளைகள் வளர்கிற வயசு, சாப்பாட்டில் எவ்வளவு குறைக்க முடியும்? அதனால் மற்றதெல்லாம் தள்ளிப்போனது. 'கண்ணாடி மாற்ற வேண்டும்' என்று ஒரு மாதம் எழுதியதை அடுத்த பக்கத்தில், அதற்கடுத்த பக்கத்தில் என்று ஒன்பது மாதம் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேன். ஊசியில் நூல் கோர்க்க மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். வீட்டுக் கணக்கு எழுதுவதை யாரும் ஒரு வேலையாகவே நினைப்பதில்லை. "எப்பப் பாத்தாலும் நோட்டோட உக்காந்திருக்கியே, வேற வேலை இல்லையா" என்று உறவுக்காரர் ஒருவர் எல்லோர் முன்னாலும் கேட்டார். அந்த வருஷம் நாங்கள் யாரிடமும் கைமாற்று வாங்காமல் ஓட்டியது அந்த நோட்டினால்தான். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் அந்தக் குறியீடு இறங்கியது, எங்கள் கடை பில் இறங்கவில்லை. கடை விலையில் விளைபொருள் ஒரு பங்குதான், மீதி வண்டி, கிடங்கு, பொட்டலம், சம்பளம், கடை வாடகை. இவை ஒரு தடவை ஏறினால் லேசில் இறங்குவதில்லை. அதனால் பழைய விலை திரும்பி வரும் என்று காத்திருக்காமல் மூன்று மாதச் செலவை எழுதிப் பாருங்கள், எதைத் தள்ளிப்போடுகிறீர்கள் என்று தெரியும். கண்ணையும் பல்லையும் மருந்தையும் மட்டும் தள்ளிப்போடாதீர்கள், என் கண்ணில் பவர் ஏறிவிட்டது.

தம்பி இந்தத் தடவையும் கடன் வாங்கித்தான் விதைத்திருக்கிறான்.