சோற்றை விட்டால் உடம்பில் சத்துக் குறையாதா? பேலியோ இருந்தவர்கள் சொல்லுங்கள்

கேட்டவர் சைவமா அசைவமா, சுகர் மாத்திரை சாப்பிடுகிறவரா என்று சொல்லவில்லை. பேலியோ, கீட்டோ மாதிரி, மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் முறைகள் பலிக்குமா, அரிசியை நிறுத்தினால் சத்துக் குறைபாடு வருமா என்று மட்டும் கேட்டிருக்கிறார். நான் மருத்துவர் இல்லை. கோவில்பட்டிப் பக்கம் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். ஏழு மாதம் பேலியோ இருந்தேன். என் உடம்பில் நடந்ததையும், அதற்காகத் தேடிப் படித்ததையும் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 91 கிலோவில் ஆரம்பித்து 79க்கு வந்தேன். இப்போது 83. மூன்று மாத சுகர் சராசரி (எச்பிஏ1சி) 6.3ல் இருந்து 5.7க்கு இறங்கியது. ரத்தத்தில் ஒரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 240 இருந்தது, 130 ஆனது. கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் மட்டும் 128ல் இருந்து 171க்கு ஏறியது. முதல் மூன்று எண்களையும் ஊர் முழுக்கச் சொன்னேன். நான்காவதை ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் வாரமே இரண்டரைக் கிலோ குறைந்தது. அது கொழுப்பு இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. கல்லீரலிலும் தசைகளிலுமாக அரைக் கிலோ அளவுக்குக் கிளைக்கோஜன், அதாவது சேமிப்புச் சர்க்கரை, சேர்த்து வைத்திருப்போம். அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்து நின்றதும் கிளைக்கோஜன் கரைய, தண்ணீரும் சேர்ந்து வெளியேறுகிறது. எடை மெஷின் மேல் ஏறி நின்று நான் போட்ட ஆட்டம் எல்லாம் சிறுநீருக்குப் போட்ட ஆட்டம்தான்.

காலைச் சாப்பாடு நூறு பாதாம். முந்தின ராத்திரியே என் மனைவி எண்ணி ஊறப்போடுவாள். எண்பதைத் தாண்டும்போது யாராவது போன் பண்ணினால் மறுபடி ஒன்றிலிருந்து. நூறு பாதாம் என்றால் 600, 700 கலோரி, பத்து இட்லிக்கு மேல் சமம். ஆனாலும் மதியம் இரண்டு மணி வரை பசிக்காது. அதில் இருபது கிராம் புரதமும், அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பும், நார்ச்சத்தும் இருக்கிறது. நாலு இட்லி சாப்பிட்டுப் பதினொரு மணிக்கு வடை தேடிய ஆள் நான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூன்றாவது மாதம் ஒரு கல்யாண வீடு. பந்தியில் உட்கார்ந்தேன். கூட்டு, பொரியல், அவியல் எல்லாம் ஒவ்வொரு கரண்டி வைத்துவிட்டுப் போனார்கள். சோறு கொண்டுவந்த பையனிடம் வேண்டாம் என்றேன். பின்னாலேயே சாம்பார் வாளியோடு வந்தவன் இலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, அப்ப இதை எதுல ஊத்த?” என்று கேட்டான். பக்கத்து இலைக்காரர் சிரித்துவிட்டார். நானும்தான். ஆனால் யோசித்தால் விஷயமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நம் சாப்பாட்டில் சோறு ஒரு வண்டி. பருப்பு, கீரை, காய், ரசம், மோர் எல்லாம் அதில் ஏறித்தான் வயிற்றுக்குப் போகின்றன. வண்டியை நிறுத்தினால் வண்டி போனதால் நஷ்டமில்லை. அதில் வந்துகொண்டிருந்தவை எப்படி வரும் என்பதுதான் பிரச்சினை.

தீட்டிய வெள்ளை அரிசி 100 கிராமில் 78 கிராம் மாவுச்சத்து, 7 கிராம் போலப் புரதம், மற்றது சொற்பம். உடம்பு தானாகத் தயாரிக்க முடியாமல், சாப்பாட்டிலிருந்தே வந்தாக வேண்டும் என்கிற பட்டியலில் 9 அமினோ அமிலங்கள், 2 கொழுப்பு அமிலங்கள், 13 வைட்டமின்கள், அப்புறம் தாது உப்புகள் இருக்கின்றன. மாவுச்சத்து அதில் இல்லை. மூளைக்கு வேண்டிய குளுக்கோஸைக் கல்லீரலே புரதத்திலிருந்து தயாரித்துக்கொள்ளும். மிச்சத்துக்கு, கொழுப்பிலிருந்து கல்லீரல் தயாரிக்கும் கீட்டோன் கைகொடுக்கும்.

அரிசியில் இருந்த சத்தும் தவிட்டோடு போய்விட்டது என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு கதை உண்டு. 1918ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். தீட்டிய பச்சரிசியையே நம்பி வாழ்ந்தவர்களுக்கு வரும் பெரிபெரி நோயைப் பற்றியது அது. கால் மரத்து, வீங்கி, இதயம் செயலிழக்கும் நோய். காரணம் தவிட்டோடு போன பி1 வைட்டமின். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்த வைட்டமின் தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுவதால் புழுங்கலரிசி சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து, 1958ல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

எனக்கு வந்த தொல்லைகளும் சோற்றின் சத்து இல்லாததால் வந்தவை அல்ல. நாலாம் நாள் தலை பாரம், எழுந்தால் கிறுகிறுப்பு. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்கும். இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் உப்பை அதிகமாக வெளியேற்றும். அம்மா, “ஏய்யா, ஒரு கைச் சோறாவது தின்னேன்” என்று புலம்பிக்கொண்டே எலுமிச்சம்பழத்தில் உப்புப் போட்டுக் கொடுத்தாள். அதில்தான் சரியானது, சோற்றில் இல்லை. பிரஷர், இதயம், கிட்னி பிரச்சினை உள்ளவர்கள் இதைக் கேட்டுவிட்டு உப்பைக் கூட்டிவிடாதீர்கள்.

அடுத்தது மலச்சிக்கல். முட்டை, கோழி, பன்னீர், பாதாம் என்று ஒரே வட்டத்தில் சுற்றினேன். காய் என்று இலையில் இருந்தது பழைய ஒரு கரண்டிதான். கீரையும் வெண்டைக்காயும் ஒரு தட்டு நிறையச் சாப்பிட ஆரம்பித்து, தினம் ஒரு கொய்யாவும் சேர்த்த பிறகுதான் வயிறு வழிக்கு வந்தது. சைவர்களுக்கு இன்னும் சிரமம். பேலியோவில் பருப்பு, பயறு கிடையாது. புரதம் வந்த பெரிய வழி அடைபட்டு, பன்னீரும் நெய்யுமே கதி என்றாகிவிடும். எனக்கு எல்டிஎல் ஏறியதற்கும் நெய், தேங்காயெண்ணெய், பன்னீர் மூன்றின் மேல்தான் சந்தேகம். குறைத்ததும் 139க்கு வந்தது.

ஆபத்து என்று நான் நினைப்பது வேறு. என்னைப் பார்த்து என் மச்சினனும் ஆரம்பித்தான். அவன் சுகருக்குக் கிளிமிப்பிரைடு மாத்திரை சாப்பிடுகிறவன். நீங்கள் சோறு சாப்பிட்டீர்களா இல்லையா என்று அந்த மாத்திரை பார்க்காது, இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். மூன்றாம் நாள் மத்தியானம் கடைக்கு வந்து, “அத்தான், கையெல்லாம் நடுங்குது” என்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குத்திப் பார்த்தால் சுகர் 54. பக்கத்துக் கடையில் சர்க்கரை தூக்கலாக ஒரு ஜூஸ் வாங்கிக் குடிக்க வைத்தேன். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரைக்காரர்களுக்கு வேறு விதம். சுகர் அளவு பெரிதாக ஏறாமலே ரத்தம் அமிலமாகிவிடும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். மாத்திரை அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் நிறுத்தக் கூடாது. முதலில் டாக்டர், பிறகு பாதாம்.

எடைக்கு இதுதான் ஒரே வழியா என்றால், இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை வைத்து ஒரு வருடம் நடத்திய ஆய்வு 2018ல் வெளிவந்தது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ இறங்கினார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கமும் காய் நிறையச் சாப்பிடவும், சர்க்கரை, மைதாவை ஒதுக்கவும் சொல்லியிருந்தார்கள். ஆனால் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் அரிசியாகவே போகும் நம் வீட்டில், மாவுச்சத்தில் கைவைப்பதுதான் எளிது. சிறுதானியத்துக்கு மாறினால் போதும் என்பார்கள். தினையிலும் சாமையிலும் கூட 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான். நார்ச்சத்து கூடுதல், கேழ்வரகில் கால்சியம் அதிகம், அவ்வளவே.

ஏழு மாதத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. கல்யாணம், கோயில் கொடை, மாமியார் வீடு. இப்போது மதியம் மட்டும் ஒரு கப் சோறு. காலையில் இரண்டு முட்டை, அல்லது பாசிப்பயறு. ராத்திரி காயும் மீனும். பாதாம் இருபதோடு சரி, எண்ணுவதில்லை. வீட்டில் நாலு பேருக்குக் கால் கிலோ புடலங்காய் வாங்கிக்கொண்டிருந்தோம், இப்போது ஒரு கிலோ வாங்குகிறோம்.