சாலைப் பணியில் கவிழும் இயந்திரங்கள்: கேள்வி பதில்

கேள்வி (குலசேகரம், ரோலர் ஓட்டுநர்): ரோலர் சாயத் தொடங்கினால் உடனே குதித்துவிட வேண்டும் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். சரிதானா ஐயா?

பதில்: சரியன்று. தயவுசெய்து இதை இளைய ஓட்டுநர்களுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். குதிப்பவர் பெரும்பாலும் வண்டி சாயும் பக்கத்திலேயே விழுகிறார். அவர் எழுந்து விலகுவதற்குள் பத்து டன் இரும்பு அவர்மேல் வந்துவிடுகிறது. இருக்கையைச் சுற்றி உறுதியான கவிழ்வுக் காப்புச் சட்டகம் உள்ள ரோலரில், சீட் பெல்ட் அணிந்து, ஸ்டீயரிங்கை இறுகப் பற்றி உட்கார்ந்திருப்பவருக்கே பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பழைய மூன்று சக்கர ரோலர்களில் தலைக்கு மேல் இருப்பதோ வெயிலுக்கான கூரை மட்டுமே. அது வண்டியின் எடையைத் தாங்காது என்பதால், அவற்றை விளிம்புக்கே கொண்டுபோகக் கூடாது.

கேள்வி (தக்கலை, பணி மேற்பார்வையாளர்): எங்கள் பகுதியில் குளக்கரையிலும் கால்வாய்க் கரையிலும் சாலை போடுகிறோம். விளிம்பை எப்படி இறுக்குவது?

பதில்: புதிதாகக் கொட்டிய மண்ணுக்கு விளிம்பில் பக்கவாட்டுப் பிடிமானம் இல்லை, இரண்டு பருவமழையும் பெய்யும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அம்மண் ஈரத்தில் ஊறியிருந்தால், மேலே கெட்டியாகத் தோன்றினாலும் அடியில் நழுவும். ஆகவே கரையைத் தேவையான அகலத்தைவிடச் சற்று அகட்டி நிரப்பி, இறுக்கிய பின் மிகுதியைச் செதுக்கி எடுங்கள். ஓரத்துக்குக் கையால் இயக்கும் சிறு இயந்திரமே போதும். மண்ணில் வெடிப்பு தெரிகிறதா என்று வண்டிக்கு வெளியே நின்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். அவர் சரிவின் அடியில் நிற்கக் கூடாது.

கேள்வி (தோவாளை): மண் இறக்கும்போது டிப்பர் கவிழ்வது ஏன்?

பதில்: ஈர மண் பெட்டியின் மேல்முனையில் ஒட்டிக்கொள்ள, சாய்வான தரையில் வண்டி பக்கவாட்டில் சரிகிறது. சமதரையில் மட்டும் பெட்டியைத் தூக்குங்கள்.

கேள்வி (விளவங்கோடு): கேரளத்தில் சாலைப் பணியின்போது ஜேசிபி கவிழ்ந்து என் கணவரின் கால் நசுங்கிவிட்டது. அவருடைய கவனக்குறைவுதான் காரணம் என்கிறார் ஒப்பந்தக்காரர். இழப்பீடு கிடைக்காதா?

பதில்: கிடைக்கும், அம்மா. வேலையின்போது நேர்ந்த காயத்துக்கு, தொழிலாளி கவனக்குறைவாக இருந்தார் என்பதற்காக மட்டும் இழப்பீட்டை மறுக்க முடியாது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்திலும், 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இதுவே நிலை. ஒப்பந்தக்காரர் கைவிரித்தால், அவரிடம் பணியை ஒப்படைத்த முதன்மை முதலாளியிடமே கோரலாம். விபத்து கேரளத்தில் நடந்திருந்தாலும், நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய இழப்பீட்டு ஆணையரிடம் மனு அளிக்கலாம். தொகையை ஒரு மாதத்துக்கு மேல் தாமதித்தால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும் சேரும். கூலி வந்த வங்கிப் பதிவு, மருத்துவமனைச் சீட்டு, காவல்நிலையப் பதிவின் நகல், உடன் வேலை செய்தவர்களின் விலாசம் ஆகியவற்றை இப்போதே திரட்டுங்கள். விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.