துபாயில் ஜார்ஜிய–ஆர்மீனிய உணவகத்துக்குக் குடும்பத்தோடு போகலாமா? சைவம் கிடைக்குமா?

தாராளமாகப் போகலாம், சைவமும் கிடைக்கும். ஆனால் எந்தக் கடை என்று நன்றாக விசாரித்துவிட்டுப் போங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் போனேன்.

நான் மருத்துவம் படித்தது ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசியில். வாஜா ப்ஷவேலா சாலைப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். சமைக்க முடியாத நாளெல்லாம் ஜார்ஜியச் சாப்பாடுதான். கிளம்பும்போது ஊரில் எல்லோரும் "அங்க வெறும் கறிதான் கிடைக்கும்" என்று பயமுறுத்தினார்கள். அது உண்மையே இல்லை. அங்கே பெரும்பாலானவர்கள் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் மட்டுமல்ல, வருடத்தில் இன்னும் பல நாட்களும் கறி, பால், முட்டை தொடாமல் விரதம் இருப்பவர்கள் உண்டு. அதற்கென்றே 'சமர்க்வோ' என்று தனிச் சமையல் இருக்கிறது. ராஜ்மாவைக் குழைய வேகவைத்துக் கொத்தமல்லித் தழை சேர்த்து மண்சட்டியில் தரும் லோபியோ, பொரித்த கத்தரிக்காய்க்குள் அக்ரூட் விழுது வைத்துச் சுருட்டிய பத்ரிஜானி, கீரையையோ பீட்ரூட்டையோ அக்ரூட்டும் பூண்டும் சேர்த்துப் பிசைந்த பிகாலி. நம் நாக்குக்கு இதெல்லாம் உடனே ஒட்டிக்கொள்ளும்.

அப்பா, அம்மா, சித்தப்பா மூவரும் துபாய் வந்தது புரட்டாசியில். அம்மா அந்த மாதம் முட்டைகூடத் தொடமாட்டார். அதனாலேயே இந்தச் சாப்பாடு சரியாக இருக்கும் என்று ஜார்ஜிய–ஆர்மீனிய உணவகம் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். பெயர் வேண்டாம்.

உட்கார்ந்து வெகுநேரம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பரிமாற வந்தவரிடம், அம்மாவுக்குக் காளான் கின்காலி (கொழுக்கட்டை மாதிரி மாவுக்குள் பூரணம் வைத்து வேகவைப்பது), கறி கூடவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தலையாட்டினார், எதையும் எழுதிக்கொள்ளவில்லை. லோபியோ வந்தது, பயறு தனியாகவும் தண்ணீர் தனியாகவும். லவாஷ் என்ற மெல்லிய ரொட்டி மடிக்கும்போதே ஓரத்தில் உடைந்தது. எனக்கும் அப்பாவுக்கும் அஜாரூலி கச்சாபுரி. படகு மாதிரி ரொட்டிக்குள் கொதிக்கும் சீஸ், அதில் கடைசி நிமிடத்தில் விட்ட மஞ்சள்கரு, ஒரு துண்டு வெண்ணெய். ஓரத்தைப் பிய்த்து அதாலேயே கலக்கிச் சாப்பிட வேண்டும். இங்கே மஞ்சள்கரு முழுக்க இறுகியிருந்தது. வெண்ணெய் உருகாமல் கட்டியாகவே மேலே உட்கார்ந்திருந்தது. எவ்வளவு நேரம் அடுக்களையில் கிடந்ததோ.

பிறகு கின்காலி. குடுமியைப் பிடித்துத் தூக்கி, ஓரமாகக் கடித்து, முதலில் சாற்றை உறிஞ்ச வேண்டும். அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவர் தூக்கியதும் அடிப்பக்கம் கிழிந்து, எண்ணெய்ப் பொட்டுகள் மிதக்கும் பழுப்புச் சாறு தட்டில் வடிந்தது. காளான் கின்காலியில் அவ்வளவு சாறு இருக்காது. வாய்க்குப் போகும் முன் கையைப் பிடித்து நிறுத்தினேன். பிரித்துப் பார்த்தால் மாட்டுக்கறிக் கொத்து.

பரிமாறியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு மாவை மட்டும் சாப்பிடலாமே" என்றார். மேலாளர் வந்து, நான் சொன்னது சரியாகக் கேட்கவில்லை என்றார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. பில்லில் அந்தத் தட்டைக் கழித்தார்கள், சேவைக் கட்டணத்தைக் கழிக்கவில்லை. அம்மா "பரவாயில்லப்பா, விடு" என்று தயிரும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டு எழுந்தார்.

சித்தப்பா மட்டும் விடவில்லை. "காசு குடுத்துப் பட்டம் வாங்குற ஊர்தானே, சாப்பாடும் அப்படித்தான் இருக்கும்" என்றார். இது கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து இந்தியாவில் வைத்தியம் பார்க்க எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் தேற வேண்டும். 300 மதிப்பெண்ணுக்கு 150 எடுக்க வேண்டும். எழுதுகிறவர்களில் பெரும்பகுதி தோற்கிற தேர்வு அது. அதில் தேறி வந்தவனையும் கல்யாண வீட்டில் நிற்கவைத்து "எத்தனை லட்சம் குடுத்தே" என்று கேட்பது என்ன நியாயம்? அந்த ஊரைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம் அந்தக் கடைச் சாப்பாடு. அதுவும் இப்படி ஆகிவிட்டதே என்றுதான் எனக்கு ஆத்திரம்.

ஒரு கடையை வைத்து இரண்டு நாட்டுச் சமையலையும் குறை சொல்கிறேன் என்று யாராவது வருவார்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. இரண்டையும் ஒரே மெனுவில் போட்டதும் தப்பில்லை. திபிலீசியின் அவ்லாபாரி பகுதியே ஆர்மீனியர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம். லவாஷ் சுடும் முறையை ஆர்மீனியப் பண்பாட்டின் பகுதி என்று 2014இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அந்த ரொட்டியைக் காய்ந்துபோகவிட்டுப் பரிமாறுவதுதான் தப்பு. பரிமாறிய பையன்மேலும் எனக்குக் கோபமில்லை, எதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்காத முதலாளிமேல்தான். சைவக் கடைக்கே போயிருக்கலாமே என்பவர்களுக்கு: நான் இருந்த ஊர்ச் சாப்பாட்டை அம்மாவுக்குக் காட்ட ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

நீங்கள் போவதானால் முதலில் போன் போட்டு, கின்காலியை அங்கேயே பிடிக்கிறார்களா, ரொட்டி அங்கேயே சுடுகிறார்களா என்று கேளுங்கள். பெற்றோர் சைவம் என்றால் காளான் கின்காலியைக் கறி கின்காலி வெந்த தண்ணீரிலேயே போடுகிறார்களா என்றும் கேளுங்கள், அதற்குப் பதில் சொல்லத் தடுமாறினால் அந்தக் கடை வேண்டாம். லோபியோவில் சில இடங்களில் இறைச்சித் துண்டு போடுவார்கள், அதையும் கேட்டுவிடுங்கள். முட்டை சேராதவர்களுக்கு வட்டமான இமெரூலி கச்சாபுரி சொல்லலாம், மாவிலும் மேல்பூச்சிலும் முட்டை இல்லை என்று உறுதி செய்துகொண்டு. குழந்தைகள் இருந்தால் பச்சை நிறத்தில் தர்குனா என்று ஒரு சோடா இருக்கும், வாங்கிக்கொடுங்கள்.