விக்கிப்பீடியா நிர்வாகித் தேர்வு: வேட்பாளர்களிடம் கருத்துக் கேட்பதென்றால் யாரிடம், எதைக் கேட்பது?

"விக்கிப்பீடியாவில் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை சரியில்லை என்கிறார்களே, போட்டியிட்டவர்களிடமே ஒரு கருத்துக்கணிப்பு நடத்தினால் ஏதாவது தெரியவருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே தெரியவரும். ஆனால் ஜெயித்தவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டால் பாதிகூடத் தெரியாது. ஆங்கில விக்கிப்பீடியாவை வைத்தே சொல்கிறேன், இந்தப் பிரச்சினை முற்றிப்போனது அங்கேதான்.

நிர்வாகி என்பவர் சம்பளம் வாங்கும் ஆள் இல்லை, நம்மைப் போல ஓய்வு நேரத்தில் தொகுப்பவர்தான். பக்கத்தை நீக்கலாம், விஷமம் செய்யும் பயனரைத் தடை செய்யலாம், தொகுப்புப் போர், அதாவது ஒருவர் எழுதியதை மற்றவர் மாற்றி மாற்றி அழிக்கும் சண்டை, நடக்கும் கட்டுரைக்குப் பூட்டுப் போடலாம். கூடுதல் அதிகாரம் என்றால் முக்கியமாக இவ்வளவுதான். 2003 பிப்ரவரியில், விக்கிப்பீடியாவை நிறுவியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸே, நிர்வாகி ஆவதெல்லாம் ஒரு பெரிய விஷயமே இல்லை என்று எழுதினார். கொஞ்ச காலம் அப்படித்தான் இருந்தது. 2007இல் மட்டும் 408 பேர் புதிதாக நிர்வாகி ஆனார்கள். அடுத்த வருடமே அது 201, 2012இல் 28, 2018இல் வெறும் 10. பழைய நிர்வாகிகள் வேலை, குடும்பம் என்று ஒவ்வொருவராக ஒதுங்கிக்கொண்டே இருக்க, புதிதாக வருபவர்கள் இப்படிச் சுருங்கிப்போனால் இருக்கிற கொஞ்சம் பேர் மேல்தான் எல்லாச் சுமையும் விழும்.

ஏன் வருவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள, நிர்வாகி ஆக நிற்பவருக்காகத் திறக்கப்படும் வேண்டுகோள் பக்கம், மற்ற பயனர்கள் வாக்களிக்கும் இடம், எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். பக்கம் ஏழு நாள் திறந்திருக்கும். தலைப்பிலேயே மூன்று எண்கள், ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை, நடுநிலை எத்தனை என்று. வாக்கு விழ விழ அவை மாறும், அதை உலகமே பார்க்கலாம். கீழே ஆதரவுப் பகுதியில் பெரும்பாலும் ஒற்றை வரிதான், "ஆதரவு, நல்ல தொகுப்பாளர்" என்ற அளவில். எதிர்ப்புப் பகுதியில்தான் பத்தி பத்தியாக எழுதுவார்கள். எப்போதோ ஒரு பேச்சுப் பக்கத்தில் கோபத்தில் சொன்ன வார்த்தைக்கு இணைப்பு, அவசரத்தில் தவறாக ஒரு கட்டுரையை நீக்கச் சொன்னதற்கு இணைப்பு, "கட்டுரை எழுதுவதே இல்லை, பராமரிப்பு வேலை மட்டும் செய்கிறார்" என்று ஒரு குறை, அதற்குக் கீழே பதில், பதிலுக்குப் பதில். வேட்பாளர் எதிர்வாதம் செய்தால் எதிர்ப்பவர்களைத் துரத்துகிறார் என்பார்கள், அதனால் பலர் வாயை மூடிக்கொண்டு, வந்து விழும் கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதிக்கொண்டு ஒரு வாரத்தைத் தள்ளுவார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் நடுவே நிற்கவைத்துப் பழைய கணக்கெல்லாம் எடுப்பது மாதிரிதான்.

2015இல் ஒரு பெரிய சீர்திருத்த விவாதம் நடந்தது. 75 சதவீதத்துக்கு மேல் ஆதரவு என்றால் பொதுவாகத் தேர்வு, 65க்குக் கீழே என்றால் இல்லை, இடையில் விழுந்தால் அதிகாரிகள் எனப்படும் மூத்த பொறுப்பாளர்கள் வாதங்களைப் படித்து முடிவு செய்வார்கள் என்று வரம்பைக் கொஞ்சம் இறக்கினார்கள். ஒருவர் இரண்டு கேள்விக்கு மேல் கேட்கக்கூடாது என்றும் வைத்தார்கள். எண்ணிக்கை அப்படியொன்றும் ஏறவில்லை. வரம்பு எண்ணில் மட்டும் கோளாறு இல்லை, அந்த ஒரு வாரம் ஆளை என்ன செய்கிறது என்பதில்தான் கோளாறு என்பது என் கருத்து. அதை வேட்பாளர்களிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

சரி, யாரிடம் கேட்பது? ஜெயித்தவரிடம் கேட்டால் "கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் பரவாயில்லை, தாங்கிக்கொள்ள முடிந்தது" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. கரையேறியவருக்கு ஆற்றில் பட்டது மறந்துபோகும், அவ்வளவுதான். தோற்றவரிடம் கேட்க வேண்டும். மூன்றாம் நாளே விலகிக்கொண்டவரிடம் கேட்க வேண்டும், எந்த நிமிடத்தில் போதும் என்று தோன்றியது என்று. இவர்கள் எல்லோரையும்விட முக்கியமாக, "நீங்கள் நிற்கலாமே, நான் முன்மொழிகிறேன்" என்று ஒருவர் கூப்பிட்டும் வேண்டாம் என்று கும்பிடு போட்டவரிடம் கேட்க வேண்டும். இவர்கள் பெயர் எந்தப் பக்கத்திலும் இருக்காது. முன்மொழிபவர்களுக்கு மட்டும்தான் தெரியும், அதனால் அவர்கள் கையில் படிவத்தைக் கொடுத்து அனுப்பச் சொல்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம், ரகசியம் காப்பது. வருடத்துக்குச் சிலரே ஜெயிக்கும் இடத்தில் "பெயரை வெளியிட மாட்டோம்" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. "என்னுடைய பழைய தடைப் பதிவைத் தோண்டி எடுத்தார்கள்" என்று ஒருவர் எழுதிய வரியை அறிக்கையில் அப்படியே போட்டால், அந்த வருடப் பக்கங்களை ஒரு மணி நேரம் புரட்டினால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம், எல்லாம் பொதுவில்தானே கிடக்கிறது. பல வருட வேட்பாளர்களைச் சேர்த்துத் தொகுக்க வேண்டும், வரிகளை அப்படியே வெளியிடும் முன் எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். தமிழ் விக்கிப்பீடியா போன்ற சின்னச் சமூகத்தில் இது இன்னும் கஷ்டம். அங்கே தொடர்ந்து பங்களிப்பவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், படிவம் அனுப்புவதைவிட நம்பிக்கையான ஒருவர் தொலைபேசியில் பேசுவதே நல்லது.

இப்போது கேட்க வேண்டிய பெரிய கேள்விக்கு வருகிறேன். 2024 அக்டோபரில் ஆங்கில விக்கிப்பீடியா சோதனை முயற்சியாக ரகசிய வாக்கெடுப்பு நடத்தியது. மூன்று நாள் கலந்துரையாடல், ஏழு நாள் வாக்குப்பதிவு, முடியும்வரை யாருக்கு எத்தனை என்று யாருக்கும் தெரியாது, 70 சதவீதம் தேவை. வருடம் முழுக்கப் பத்திருபது பேர் நிற்பதற்கே யோசிக்கும் இடத்தில் ஒரே தேர்தலில் 32 பேர் களத்தில் நின்றார்கள், 11 பேர் தேர்வானார்கள். அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஆள் இல்லாமல் இல்லை, அந்தப் பக்கத்துக்குத்தான் பயந்திருக்கிறார்கள்.

ஆனால் மீதி 21 பேரை நினைத்துப் பாருங்கள். பழைய முறையில் தோற்றால் ஏன் தோற்றோம் என்று வலிக்க வலிக்கத் தெரியும். இதில் எத்தனை சதவீதம் ஆதரவு என்ற ஓர் எண் மட்டும்தான் கையில் கிடைக்கும். 69இல் நின்றவருக்கு எதை மாற்றிக்கொண்டு திரும்ப வர வேண்டும் என்று யார் சொல்வது? அதனால் கருத்துக்கணிப்பில் "திருப்தியா, ஒன்று முதல் ஐந்துக்குள் மதிப்பெண் கொடுங்கள்" என்று கேட்டுப் பயனில்லை. காரணம் தெரியாமல் தோற்பது மேலா, எல்லோர் முன்னிலையிலும் காரணம் கேட்டுத் தோற்பது மேலா என்று நேராகக் கேட்க வேண்டும். திரும்ப நிற்பீர்களா, நின்றால் எந்த முறையில் என்று கேட்க வேண்டும். முடிவு வந்த வாரத்தில் ஒரு தடவை, ஆறு மாதம் கழித்து அதே ஆளிடம் இன்னொரு தடவை, ஏனென்றால் சூட்டோடு சொல்வதும் ஆறிய பிறகு சொல்வதும் வேறு வேறாக இருக்கும், இரண்டுமே வேண்டும்.

இன்னொரு கேள்வியும் இப்போது அவசியம். நிர்வாகியைத் திரும்பப் பெறும் முறையும் 2024இல் வந்துவிட்டது, ஒரு மாதத்துக்குள் 25 பேர் கையெழுத்திட்டால் அவர் மறுபடி சமூகத்தின் ஆதரவைக் கேட்டு நிற்க வேண்டும். பிடிக்காவிட்டால் இறக்கிவிடலாம் என்ற நிலையில் வாக்காளர்கள் புதியவர்களிடம் கொஞ்சம் தாராளமாக நடந்துகொள்வார்கள் என்றுதான் பலர் எதிர்பார்த்தார்கள். நிற்பவர்களுக்கு அது தைரியம் தருகிறதா, இல்லை ஏறின பிறகும் அதே பக்கம் தலைக்கு மேல் தொங்குகிறதே என்ற பயத்தைத் தருகிறதா என்று நின்றவர்கள்தான் சொல்ல வேண்டும்.