திசு விழுங்கிய ஒளியும் பக்கவாட்டில் கசிந்த ஒளியும்

கேள்வி: இறைச்சிக் கடையில் வாங்கிய ஆட்டு ஈரலை மெல்லிய துண்டாக நறுக்கி, 633 நானோமீட்டர் லேசரையும் இன்டகிரேட்டிங் ஸ்பியரையும் (சிதறிய ஒளியைத் திரட்டி அளக்க உதவும் உள்ளீடற்ற கோளம்) கொண்டு அதன் உட்கவர் குணகத்தை, அதாவது ஒளியை அது எவ்வளவு வலுவாக விழுங்குகிறது என்பதை, அளக்கிறேன். ஒரே துண்டுக்குக் காலையில் ஒரு மதிப்பும் மாலையில் அதைவிடக் கூடுதலான மதிப்பும் வருகின்றன. பிழை கருவியிலா, கணக்கிலா?
– முதுகலை இயற்பியல் மாணவி, காட்பாடி

பதில்: உங்கள் அமைப்பில் உட்கவர்தல் நேரடியாக அளக்கப்படுவதில்லை. திரும்பி வந்த ஒளியையும் ஊடுருவிச் சென்ற ஒளியையும் அளந்து, கணக்கில் வராத மிச்சத்தைத் திசு விழுங்கியதாகக் கொள்கிறோம். ஆனால் திசுவுக்குள் சிதறிப் பக்கவாட்டில் பரவும் ஒளியில் ஒரு பங்கு, கோளத்தின் துளை விளிம்பைத் தாண்டி, துண்டை இருபுறமும் தாங்கும் கண்ணாடித் தகடுகளின் இடைவெளி வழியே வெளியேறிவிடும். அளந்த ஒளியிலிருந்து குணகங்களைப் பின்னோக்கிக் கணிக்கும் வழக்கமான இன்வர்ஸ் ஆடிங் டபுளிங் கணக்குமுறை, துண்டு பக்கவாட்டில் எல்லையின்றி நீள்வதாகக் கொள்வதால், கசிந்த ஒளியையும் அது உட்கவர்தலாகவே எண்ணுகிறது. மென்திசுக்களில் சிதறல் குணகம் சென்டிமீட்டருக்கு 100 என்ற அளவில் இருக்க, அண்மை அகச்சிவப்பில் உட்கவர் குணகம் 1-க்கும் குறைவாக இருக்கக்கூடும். அங்கே சிறு கசிவுகூட விடையைப் பல மடங்காக்கிவிடும். துளையை மாற்றாமல் கதிரின் விட்டத்தை மட்டும் குறைத்து மறுபடி அளந்து பாருங்கள். மதிப்பு இறங்கினால் கசிவு இருக்கிறது என்று பொருள்.

காலை மாலை வேறுபாட்டுக்கான காரணத்தை நான் துண்டிலேயே தேடுவேன். வேலூர்க் கோடையில் மூடாமல் வைத்த துண்டு விரைவில் உலர்ந்து மெலியும். 1 மில்லிமீட்டர் தடிமன் 0.9 ஆனதைக் கவனிக்காமல் பழைய எண்ணையே இட்டால், குணகங்கள் ஏறத்தாழ 10 சதவீதம் பிசகும். ஈரலைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமானது அதில் தங்கியிருக்கும் இரத்தம். 633 நானோமீட்டரில், ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் ஆக்சிஜன் ஏற்றதைவிடப் பல மடங்கு ஒளியை உட்கவரும். நேரம் செல்லச் செல்ல உருவாகும் மெட்ஹீமோகுளோபினுக்கோ (ஆக்சிஜனைச் சுமக்க இயலாதபடி மாறிய ஹீமோகுளோபின்) 630 நானோமீட்டரை ஒட்டியே ஓர் உட்கவர் முகடு இருப்பதால், உங்கள் லேசர் அந்த மாற்றத்தின் மேலேயே விழுகிறது. உப்புநீரில் கழுவினால் இரத்தம் வெளியேறிவிடும். உறைய வைத்தால் செல்கள் சிதைந்து சிதறலே மாறும். ஆகவே அறுத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஈரம் போகாமல் மூடிக் குளிரில் வைத்து, ஒவ்வொரு அளவீட்டின்போதும் தடிமனைப் புதிதாக அளப்பதே முறை. பலமுறை அளந்து சராசரி எடுப்பது இங்கு உதவாது, ஏனெனில் இவை எல்லா அளவீடுகளையும் ஒரே பக்கம் இழுக்கும் பிழைகள்.

கருவியைத் தனியே சோதிக்க, மருத்துவமனைகளில் நாளம் வழியே செலுத்தப்படும் கொழுப்புப் பால்மமான இன்ட்ராலிபிட்டை நீர்க்கச் செய்து, நீரில் கரையும் நீலச் சாயத்தைச் சிறிது கலந்து, ஈரல் துண்டின் அளவிலேயே ஒரு கண்ணாடிக் கலத்தில் நிரப்பி அளக்கலாம். வெறும் நீரில் அதே செறிவில் கரைத்த சாயத்தின் உட்கவர்தலை, கரைசல் விழுங்கும் ஒளியை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் முன்பே அறிந்திருப்பீர்கள். இரண்டும் ஒத்துப்போகும் வரை ஈரலுக்குக் கிடைத்த எண்ணை ஆய்வேட்டில் சேர்க்க வேண்டாம்.